அம்மச்சிப் பிலாவும் 123456-உம்

லேய் மக்கா, நம்ம கோட்டுகாலிலே சாவு வீட்டுலேகூட இம்புட்டு கரச்சில் நான் கேட்டதில்லே. சாயாவை அடுப்பிலே அப்படியே விட்டுட்டு உனக்க அம்மை ஓடிவந்து நிக்கா, பய நெஞ்சிலே அடிச்சு அழுகான்ணு. என்னா போச்சு? ஐடி போச்சு. தூக்கம் முழிச்சு முழிச்சு சேத்த பிஜிஎம்ஐ ஆட்டத்துக்க ஐடி. கிளேசியர் தோக்கு போச்சு, எக்ஸ்-சூட் போச்சு, கூட ஆடுத பயலுவளுக்க பட்டியலும் போச்சு. எனக்க தென்னையிலே செம்பன்செல்லி ஏறி மரம் மரமா சாஞ்சப்பம் நீ ஒரு துளி கண்ணீரு விட்டியாலே? அன்னைக்கு ஓலைக்கு அடியிலே நின்னு செல்பிதான் எடுத்தே.

செரி, மூக்கைத் துடை. அந்த ஐடிக்கு என்னா பாஸ்வேர்டு வச்சிருந்தே?

சொல்ல மாட்டியா? கொள்ளாம். பாட்டாகிட்டேகூடச் சொல்லப்பிடாது, அதுதான் முறை. ஆனா போன மாசம் ரேங்க் தள்ளித் தாறேன்ணு ஒரு கூட்டாளி கேட்டான், அவன்கிட்டே சொன்னே. அவன் இன்னொருத்தன்கிட்டே சொன்னான், அவனுக்குத்தான் கை ராசியாம். அப்பம் இந்த நாணம் எங்கலே போயிருந்து? நானே சொல்லட்டா? உனக்க பேரு, அதுக்குப் பின்னாலே நான் பொறந்த வருஷம். கண்ணை உருட்டாதே. ஃபேஸ்புக்குக்கும் அதுதான், ஜிமெயிலுக்கும் அதுதான், நம்ம வீட்டு வைஃபைக்கும் அதுதான். வைஃபை பாஸ்வேர்டை வாறவன் போறவன் எல்லாம் கேக்கானுவண்ணு சீட்டு எழுதி பிரிட்ஜிலே ஒட்டினது நீதானே? மீன்காரி அக்காவுக்குக்கூட உனக்க ஜிமெயிலைத் தொறக்கத் தெரியும். அவளுக்கு நேரமில்லே, அதனாலே தப்பிச்சே.

நீ நெய்யாற்றின்கரை தாலுக்கிலே பொறந்தும் ஒரு சங்கதி உனக்க மண்டையிலே ஏறல்லே. கிருஷ்ணசாமி கோயிலுக்குள்ளே அம்மச்சிப் பிலாவுக்க தடி நிக்குதே, பாத்திருக்கே. எட்டுவீட்டில் பிள்ளைமாரு கொல்லணும்ணு துரத்தினப்பம் மார்த்தாண்டவர்மா அந்தப் பிலாவுக்க பொந்துக்குள்ளே ஒளிஞ்சு உயிர் பிழைச்சாருண்ணு ஐதீகம். வழி காட்டினது ஒரு கொச்சுப் பையன், அது சாட்சாத் கிருஷ்ணனேதாண்ணு நம்பிக்கை. பொறவு ராஜா ஆனதும் அங்ஙன கோயில் கெட்டினாரு. உனக்க அம்மைக்கு அதிலே பிடிச்சது பக்தி. எனக்குப் பிடிச்சது புத்தி. அந்தப் பொந்து ஒரே ஒரு தடவைதான் பயன்பட்டுது. ராஜா நித்தம் ராத்திரி அதே பொந்திலே போய்ப் படுத்திருந்தா எட்டு வீட்டுக்காரனுக்கு ஒற்றன் எதுக்கு? அங்ஙன சுள்ளி பொறுக்குத கிழவிக்கே தெரிஞ்சிருக்கும். நீ விளையாட்டுக்கும் அதே பொந்து, மெயிலுக்கும் அதே பொந்து. போதாக்குறைக்குப் பொந்துக்கு மேலே போர்டு.

'நான் திருடன்கிட்டே சொல்லல்லியே'ண்ணு முனகுதியா? நீ சொல்ல வேண்டாம் மக்கா. நீ போய்ச் சேந்த இடம் சொல்லும்.

ராக்யூண்ணு ஒரு அமெரிக்கக் கம்பெனி இருந்துது. ஃபேஸ்புக்கிலேயும் மைஸ்பேஸிலேயும் பிள்ளைய நேரம்போக்குத கொச்சு கொச்சு செயலி செய்யுதது அவனுக்கத் தொழிலு. 2009 டிசம்பரிலே ஒருத்தன் உள்ளே பூந்து 3.2 கோடி பாஸ்வேர்டை அள்ளிட்டுப் போயிட்டான். அள்ளதுக்கு ஒரு பாடும் இல்லே. மறைவு கிறைவு ஒண்ணும் இல்லாம பச்சையா எழுதி வச்சிருந்தானுவ. எண்ணிப் பாத்தா முதல் இடம் 123456-க்கு. கிட்டத்தட்ட 2.9 லட்சம் பேரு அதையே வச்சிருக்கானுவ. அத்தனை பேரும் தனித்தனியா, இது எனக்கு மட்டும்தான் தெரியும்ணு நினைச்சு நிம்மதியா தூங்கியிருக்கானுவ பாத்தியா, அதுதான் எனக்குத் தீராத சிரிப்பு. ஒரேபோல உள்ளதை எல்லாம் கழிச்சு அதிலேருந்து சுமார் 1.4 கோடி சொல்லு உள்ள ஒரு பட்டியல் ஆச்சு. இன்னைக்கும் பாஸ்வேர்டு உடைக்க இறங்குதவன் முதல்லே கையிலே எடுக்கது அந்தப் பட்டியலைத்தான். அந்தக் காலத்திலே உனக்கு எழுத்து கூட்டத் தெரியாது. அதுக்குள்ளே உனக்க அறிவுக்கு எட்டுத பாஸ்வேர்டை எல்லாம் எவனோ எழுதி முடிச்சுட்டான்.

எல்லாரும் ராக்யூ மாதிரி இல்லே. ஜிங்காண்ணு ஒருத்தன், வேர்ட்ஸ் வித் ஃபிரண்ட்ஸ் ஆட்டத்துக்காரன். 2019 செப்டம்பரிலே அவன்கிட்டேருந்து 17 கோடிக்கு மேலே கணக்கு போச்சு. அவன் கொஞ்சம் தறவாட்டுக்காரன், பாஸ்வேர்டை அப்படியே வைக்கல்லே. ஒரு கணக்கிலே போட்டு, திரும்பி எடுக்க ஒக்காத எழுத்துக் குவியலா மாத்தி வச்சிருந்தான். ஆளுக்கு ஆளு வேற வேற எழுத்துக் கொஞ்சம் கூடச் சேத்தும் இருந்தான். ரெண்டு பேரு ஒரே பாஸ்வேர்டு வச்சாலும் குவியல் வேறயா இருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனா அவன் போட்ட கணக்கு எஸ்ஹெச்ஏ-1, பழசு, வலிய வேகம். வேகம்ணா திருடனுக்கும் வேகம்தானே? நான் சொன்ன 1.4 கோடி சொல்லையும் ஒவ்வொண்ணா அதே கணக்கிலே போட்டு, வந்த விடை கையிலே உள்ள குவியலோட ஒக்குதாண்ணு கம்ப்யூட்டரு பாத்துட்டு இருக்கும். திரும்பி எடுக்க ஒக்காது, செரி. ஊகிச்சு முன்னாலே போகலாமே. உனக்க பேரும் ஒரு வருஷமும்ணா ஊகிக்க இந்தச் சாயா ஆறுத நேரம் வேண்டாம்.

2011 ஏப்ரலிலே சோனிக்காரனுக்க பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கிலேயும் பூந்தானுவ. 7.7 கோடி கணக்கு. ஏப்ரல் 20-லே கடையை அடைச்ச சோனி, உங்க பேரும் விலாசமும் பாஸ்வேர்டும் போயிருக்கும்ணு ஆளுகளுக்குச் சொன்னது 26-லே. மூணு வாரத்துக்கு மேலே ஆட்டம் இல்லே. மே ஒண்ணாம் தேதி டோக்கியோவிலே வலிய அதிகாரிமாரு வரிசையா நின்னு குனிஞ்சு மன்னிப்பு கேட்டாங்க. குனிஞ்சது நல்ல குனிவு, படத்திலே பாத்தேன். போன பாஸ்வேர்டு எவன் குனிஞ்சாலும் திரும்பி வராது.

இப்பிடி அங்கே இங்கே போனதை எல்லாம் பொறுக்கி மூட்டை கெட்டுதானுவ. 2019 ஜனவரியிலே ஒரு மூட்டை அம்பிட்டுது, பேரு கலெக்ஷன் ஒண்ணு. உள்ளே 77 கோடிக்கு மேலே மெயில் விலாசம். இதை வச்சு ஒருத்தன் இருந்து டைப் அடிப்பாண்ணு நினைக்காதே. இயந்திரம் அடிக்கும். எங்கேயோ ஒரு செத்துப்போன ஆட்டத்துக்கு எட்டாம் கிளாசிலே நீ குடுத்த மெயிலும் பாஸ்வேர்டும், அதைக் கொண்டுபோய் ஃபேஸ்புக்கிலே குத்தும், ஜிமெயிலிலே குத்தும், சாமான் வாங்குத இடத்திலே குத்தும். தொறந்த இடத்திலே உள்ளே போகும். அந்த மூட்டையை ஊருக்குச் சொன்னவன் ட்ராய் ஹண்ட்ண்ணு ஒரு ஆஸ்திரேலியாக்காரன். 2013-லேருந்து ஹேவ் ஐ பீன் போன்ட்ண்ணு ஒரு இடம் நடத்துதான். மெயில் விலாசத்தைப் போட்டா அது எந்தெந்தத் திருட்டிலே கெடக்குண்ணு பட்டியல் தரும். உனக்க விலாசத்தைப் போட்டு நான் பாத்தாச்சு. என்னென்ன ஆட்டம், எந்த வயசிலே சேந்தேண்ணு உனக்க அம்மை முன்னாலே வாசிக்கட்டா? வேண்டாம்ணா போய் ஒரு சாயா எடுத்துட்டு வா.

சீனி குறைச்சலா இருக்கு, போட்டும்.

ஆனா மக்கா, இந்தத் தடவை உனக்க ஐடி போனது மூட்டையிலேருந்து இல்லே. நீயே எடுத்துக் குடுத்தே. ஆட்டத்துக்குள்ளே செல்லுத பணம் 600 யூசி சும்மா தாறோம், உள்ளே நுழைஞ்சு வாங்கிக்கோண்ணு டெலிகிராமிலே ஒரு லிங்க். தொட்டே. ஃபேஸ்புக் மாதிரி நீலக் கலரிலே ஒரு பக்கம் வந்துது. நம்பரைப் போட்டே, பாஸ்வேர்டைப் போட்டே. ஓடிபி வந்துது, அதையும் போட்டே. யூசி வந்துதா? சுத்திட்டே இருந்திருக்கும். நீயும் அரைமணிக்கூர் பாத்துட்டே இருந்திருப்பே, உனக்கு அவ்வளவு நம்பிக்கை.

உன்னை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். 2016 ஆகஸ்டிலே நம்ம தலைநகரத்திலே, வெள்ளையம்பலம் ஆல்தறை பக்கத்து எஸ்பிஐ ஏடிஎம்மிலே என்னா நடந்துது? ருமேனியாவிலேருந்து வந்த கூட்டம், புகை வந்தா கத்துத கருவி மாதிரி ஒரு பெட்டியை மேலே மாட்டிட்டுப் போச்சு. அதுக்குள்ளே கேமரா. படிச்ச ஆளுகள், உத்தியோகஸ்தன்மாரு எல்லாம் கீழே நின்னு பின் நம்பரைக் குத்தினாங்க. பணம் எடுத்தது மும்பையிலே. ஏடிஎம்மும் உள்ளது, அறையும் உள்ளது, கண்ணு மட்டும் பேங்குக்கது இல்லே. ஒருத்தன் மும்பையிலே அம்பிட்டான். அவனாவது விமானம் ஏறி வந்து மாட்டிட்டுப் போனான். உனக்கு வந்தவன் எழுந்திரிக்கக்கூட இல்லே.

தோக்கு படத்துக்கு ஏன் இம்புட்டு பாடுபடுதானுவண்ணு நானும் யோசிச்சதுண்டு. பைசா உண்டு, அதுதான். ஸ்டீம்ணு கம்ப்யூட்டரு ஆட்டக்கடை நடத்துத வால்வ் கம்பெனி 2015 டிசம்பரிலே தானே வாய் தொறந்து சொல்லிச்சு, மாசம் சுமார் 77,000 கணக்கு பறிபோகுதுண்ணு. தோக்குக்கு மேலே போடுத தொலிக்கு ரொக்க வெலை வந்தாச்சுண்ணா திருடனும் வருவான். பறிச்ச ஐடியை விப்பான். அதை வாங்க உன்னைப்போல ஒரு மடையன் இருப்பான். இப்பம் உனக்க மண்டையிலே என்னா ஓடுதுண்ணும் தெரியும், ரெண்டாயிரம் ரூபா குடுத்தா லெவலு கூடின வேற ஐடி கிட்டும்ணு. இந்தப் பாட்டா ரிஜிஸ்டிரார் ஆபீஸ் முன்னாலே ஆதாரம் எழுதியே வயசானவன், ஒரே புரையிடத்தை ரெண்டு பேருக்கு வித்தவனுக்க கையெழுத்தை எல்லாம் பாத்திருக்கேன். ஐடி விக்குதவன்கிட்டே முதல் முதல்லே கணக்கு தொறந்த மெயில் இருக்கும். பைசா வாங்கி ஒரு வாரம் சும்மா இருப்பான். பொறவு பாஸ்வேர்டு மறந்துட்டேன்ணு ஒரு அமுக்கு, சாமானம் அவன் கைக்கு. நீ யாருகிட்டே போய்ப் புகார் சொல்லுவே? ஐடி விக்கதும் வாங்கதும் கம்பெனி விதிக்கே எதிரு.

2022 பிப்ரவரியிலே சர்க்காரு ஃப்ரீ ஃபயர் ஆட்டத்தைத் தடுத்தப்பமும் இதே கூத்துதான். தடுத்த ஆட்டத்தை எவனோ திருத்திப் போட்டு, டயமண்டு எண்ணிக்கை இல்லாம கிட்டும்ணு ஏபிகே-யா பரப்பினான், நம்ம தெருவிலே பாதிப் பயலுவ பாட்டாவுக்க ஃபோனிலே, அப்பனுக்க ஃபோனிலேண்ணு ஏத்தினானுவ. பென்ஷன் மெசேஜ் வாற ஃபோனுலே!

நமக்கு ஒரு பாக்கியம் உண்டு. 1956 நவம்பர் ஒண்ணாம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு எல்லாம் தமிழ்நாட்டுப் பக்கம் போச்சு, நெய்யாற்றின்கரை கேரளத்துப் பக்கம் நின்னுது. அதனாலே ரெண்டு சர்க்காருக்க சட்டத்தையும் வாசகசாலையிலே இருந்து வாசிச்சுச் சிரிக்கலாம். தமிழ்நாட்டிலே பைசா வச்சு ஆடுத ஆன்லைன் ஆட்டத்துக்கு ராத்திரி 12-லேருந்து காலத்தே 5 வரைக்கும் தடை, ஆதார் வச்சு ஆளைச் சரிபாக்கணும்ணு விதி வந்துது. 2025 ஜூனிலே சென்னை உயர் நீதிமன்றமும் செரிண்ணு சொல்லிச்சு. நம்ம கேரளத்திலே 2021 பிப்ரவரியிலே பைசா வச்சு ஆடுத ஆன்லைன் ரம்மியைத் தடுத்தாங்க, செப்டம்பரிலே ஹைக்கோர்ட்டு அதை ரத்து செஞ்சுது. களியக்காவிளையிலே பன்னிரண்டு மணிக்குச் சீட்டை மடக்கினவன் இஞ்சிவிளைக்கு நடந்து வந்து மிச்சத்தை ஆடலாம்ணு ஒரு நிலைமை இருந்துது. பொறவு 2025 ஆகஸ்டிலே பார்லிமென்டே சட்டம் போட்டு பைசா ஆட்டத்தை மொத்தமா நிறுத்திச்சு.

செரி, கடை அடைச்சான். ஆடினவன் குடுத்த ஆதாரு, பான், பேங்கு விவரம்? அதுக்கு 2023-லே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துது, 2025 நவம்பரிலே விதி வந்துது. 50 லட்சம் பேருக்குக் குறையாம பதிஞ்ச ஆன்லைன் விளையாட்டுக் கம்பெனி, மூணு வருஷம் எட்டிப் பாக்காதவனுக்க விவரத்தை அழிக்கணும். அழிக்கதுக்கு 48 மணிக்கூர் முன்னாலே அவனுக்குத் தெரிவிக்கணும். திருட்டுப் போனா தாமசம் இல்லாம ஆளுகளுக்குச் சொல்லணும். காவலை ஒழுங்கா வைக்கல்லேண்ணா 250 கோடி ரூபா வரைக்கும் அபராதம். வாசிக்கும்போ எனக்கே மீசை துடிச்சுது. அடுத்த வரியிலே அடங்கிச்சு. அந்த அபராதம் போறது சர்க்கார் கஜானாவுக்கு. விவரத்தைப் பறிகுடுத்தவனுக்கு அதிலேருந்து ஒரு சக்கரம் கிடையாது. முக்கியமான விதி எல்லாம் நடப்புக்கு வாறதுக்குக் கம்பெனிக்குப் பதினெட்டு மாசம் அவகாசமும் குடுத்தாங்க. திருடனுக்கு எவனும் அவகாசம் குடுக்கல்லே, அவன் உடனே தொடங்கிட்டான்.

அதனாலே சர்க்காரு வாறது வரைக்கும் நீ செய்ய வேண்டியதைச் செய்.

எனக்கக் கறுப்பு டயரியைப் பாத்துச் சிரிச்சியே, பாட்டா பாஸ்வேர்டை எல்லாம் எழுதி ரேஷன் கார்டுக்கு அடியிலே வச்சிருக்காருண்ணு. சிரி. ருமேனியாக்காரன் இந்த அலமாரி வரைக்கும் வரணும்ணா நாயைத் தாண்டணும், உனக்க பாட்டியைத் தாண்டணும். உனக்க மண்டைக்குள்ளே இருக்கது ஒண்ணே ஒண்ணு, அதுவும் பிரிட்ஜிலே. எனக்க டயரியிலே ஒவ்வொண்ணுக்கும் வேற வேற. எழுத மடின்னா ஃபோனிலேயே பாஸ்வேர்டு மேனேஜர் இருக்கு, அது உண்டாக்கி அதுவே ஓர்மை வச்சுக்கிடும். பெரிய எழுத்து ஒண்ணு, எண்ணு ஒண்ணு, ஆச்சரியக்குறி ஒண்ணு, மூணு மாசத்துக்கு ஒருக்க மாத்துண்ணு ஒரு சட்டம் இருந்துதே, அதை 2003-லே எழுதினவன் அமெரிக்காவிலே பில் பர்ண்ணு ஒரு உத்தியோகஸ்தன். 2017-லே, ரிட்டயர் ஆன பொறவு, அப்பிடி எழுதினதுக்கு வருத்தப்படுதேன்ணு பத்திரிகைக்காரன்கிட்டே சொல்லிட்டான். மாத்து மாத்துண்ணா ஜனம் கடைசி எண்ணை மட்டும் மாத்தும், வேற என்னா செய்யும்? அதே வருஷம் அவன் வேலை பாத்த அமெரிக்க ஆபீஸும் சட்டத்தைத் திருத்திச்சு. நீளமா இருந்தா நல்லது, சும்மா மாத்தச் சொல்லி ஆளைப் போட்டு உருட்டாதேண்ணு.

நீளம்ணா எப்பிடி? ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாத நாலு சொல்லு. மரச்சீனி, தறி, மின்னல், குடைக்கம்பி. ஒண்ணாச் சேத்து அடி. லேய் லேய், ஃபோனை எடுத்து எழுதாதே! நான் சத்தமா சொல்லி மதிலுக்கு அந்தப்புறம் ரெண்டு வீடு கேட்டாச்சு. உனக்கு வேற நாலு கிட்டாதா?

விளையாட்டை விடு, முதல்லே ஜிமெயிலைப் பூட்டு. மற்ற எல்லாத்துக்கும் பாஸ்வேர்டு மறந்துட்டேன்ணா அங்ஙனதான் கடிதம் வரும், அது போனா மொத்தமும் போச்சு. பொறவு ஃபேஸ்புக். ரெண்டுக்கும் ரெண்டடுக்கு சரிபார்ப்பைப் போடு. மெசேஜிலே வாற ஓடிபியைவிட அந்த ஆத்தென்டிகேட்டர் செயலி கொள்ளாம். எதுவானாலும், அந்த ஆறு எண்ணை ஒருத்தன் கேட்டா அவன் கடவுளானாலும் சொல்லப்பிடாது. அப்பனுக்க கணக்கிலேருந்து பைசா போயிருக்குண்ணு கண்டா அழுதுட்டு நிக்காதே, 1930-க்கு விளி. எவ்வளவு வேகமா விளிக்கியோ அவ்வளவுக்குப் பைசாவை வழியிலே தடுத்து வைக்க ஒக்கும். இந்தத் திண்ணையிலே உக்காந்து எனக்க பேச்சு முழுசும் கேட்டுட்டு விளிச்சா ஒண்ணும் கிட்டாது.

இனி ஒரு காரியம், மெதுவாச் சொல்லுகேன், உனக்க அம்மை உள்ளே போயாச்சு. பதினெட்டு வயசு ஆகாதவன் பிஜிஎம்ஐ ஆடணும்ணா வீட்டுப் பெரியவனுக்க சம்மதம் வேணும், நாளுக்கு மூணு மணிக்கூருக்கு மேலே ஆட ஒக்காது. உனக்கு எப்பிடிலே விடிய விடிய ஒத்துச்சு? நீ வயசு கேட்ட இடத்திலே நான் பொறந்த வருஷத்தைப் போட்டிருக்கே. கம்பெனிக்காரனுக்க கணக்கிலே, கோட்டுகாலிலே ஒரு கிழவன் ராத்திரி ரெண்டு மணிக்கு விமானத்திலேருந்து பாராசூட்டிலே குதிச்சு, ஓடி, சட்டி தூக்கி அடிச்சு ஆளைக் கொல்லுதான். மூட்டுவலிக்குக் குழம்பு தேய்க்குத நேரம் அது எனக்கு. ஐடியைத் திரும்பக் கேட்டு எழுதுனா நீதான் அந்தக் கிழவண்ணு அவன் தெளிவு கேப்பான், அப்பம் எனக்க ஆதாரைத் தூக்கிட்டு ஓடலாம்ணு கணக்குப் போட்டுத்தானே காலத்தேருந்து எனக்கக் காலைப் பிடிச்சுட்டு இருக்கே? தர மாட்டேன். புது ஐடி தொடங்கு, உனக்க வயசைப் போடு, சம்மதம் கேட்டு எனக்க நம்பருக்கு வரட்டும். குடுக்கணுமா வேண்டாமாண்ணு பாட்டா சீனி போட்ட ஒரு சாயா குடிச்சிட்டு யோசிக்கும்.